கண்ணாடியக்கா கார் ஓட்டக் கற்றது

அந்தத் தெருவில் அவருக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் அப்பெயர் வந்ததா, அவருடைய மூக்கின் மேலேயே தடித்த கண்ணாடி ஒன்று இருபத்து நான்கு மணி நேரமும் குடியிருப்பதால் வந்ததா என்று யாரும் ஆராய்ந்ததில்லை. கடையின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிப் போட்ட மேசையில், சுழலும் சாணைச் சக்கரத்தில் வில்லைகளின் ஓரத்தைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துவது அவருடைய வேலை. அதிகம் தேய்த்துவிட்டால் வில்லை சட்டத்துக்குள் ஆடும். குறைத்துத் தேய்த்துவிட்டு அழுத்திப் பொருத்தினால் விளிம்பில் விரிசல் விழும். அவர் கையில் ஒரு வில்லை வீணாகிப் பல காலம் ஆகிவிட்டது. தவறு செய்து பழக்கமில்லாதவர் அவர். அதைவிட முக்கியமானது, தவறு செய்தால் தாங்கிக்கொள்ளத் தெரியாதவர்.

மணமான புதிதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். நாலு பேர் பார்க்க ஒருமுறை விழுந்தார்; அதன்பின் அந்தச் சைக்கிள் இருந்த பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நடுவயதில் பாட்டு வகுப்பில் சேர்ந்தார். சுருதி சேரவில்லை என்று ஆசிரியை முதல் நாளே சொல்லிவிட, இரண்டாம் நாள் வகுப்புக்குத் தலைவலி வந்துவிட்டது. அந்தத் தலைவலி நிரந்தரமாகத் தங்கிவிட்டது என்று கணவர் விருந்தினர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கண்ணாடியக்காவும் உடன் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டாது.

கணவர் தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் பேருந்தை ஓட்டியவர். வேலை முடித்து ஏறுபவர்கள் வண்டி கிளம்பியது தெரியாமலே உறங்கிப்போவார்கள் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. ஒரு விடுமுறை நாளில் மாடித் தொட்டியைக் கழுவப் போனவர் ஏணியிலிருந்து சறுக்கி முதுகை அடித்துக்கொண்டு விழுந்தார். முதுகெலும்பில் அறுவை நடந்தது. எழுந்து உட்கார்ந்தார், ஊன்றுகோலுடன் கூடத்தைச் சுற்றி வந்தார், ஆனால் இடது கால் முழுதாகத் திரும்பி வரவில்லை. விடாமல் இயன்முறைச் சிகிச்சைக்கு வந்தால் கால் தேறும், வராவிட்டால் இருக்கும் பலமும் போய்விடும் என்று மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

சிகிச்சை நிலையம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. முதலில் வாடகைக் கார் வைத்துக்கொண்டார்கள். அந்த ஓட்டுநர் ஒவ்வொரு வேகத்தடையையும் பகையாளியின் தலையாகக் கருதி ஏறி இறங்கினார். வீடு திரும்பிய கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கண்டவன் ஓட்டும் வண்டியில் இனி ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். வாசலில் அவர்களுடைய பழைய கார் உறை போட்டபடி நின்றுகொண்டிருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தொலைபேசியில் பேசும்போது, அப்பாவை அம்மாவே ஓட்டிச் சென்றால் என்ன என்று கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். கணவர் மட்டும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

“கிளட்ச் ஒண்ணுதான் கொஞ்சம் பழகணும். மத்தது எல்லாம் கை வேலை. கை வேலையில உன்னை அடிச்சுக்க ஆளில்லையே” என்றார்.

தெருமுனையில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருந்தது. பயிற்சியாளர் முப்பது வயதைத் தாண்டாதவர். கன்னத்துக்குள் எப்போதும் ஒரு மிட்டாய் ஒதுங்கியிருக்கும். பெண்கள் எல்லாரும் அவருக்கு அக்கா. ஆண்கள் எல்லாரும் அண்ணன். பள்ளியின் காரில் அவர் அமரும் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. ஆபத்துக்கு அவர் மிதித்தால், கற்பவரின் காலடியில் இருக்கும் பெடலும் சேர்ந்து இறங்கும்.

முதல் நாள் வண்டி ஒரு சாண் நகரும், உதறும், செத்துப்போகும். மறுபடி உயிர் கொடுத்தால் மறுபடி உதறும். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு அன்று பொழுது நன்றாகப் போயிற்று. கண்ணாடியக்கா வீட்டுக்கு வந்து செருப்பை ஒரு மூலையில் உதறிவிட்டு, இது தனக்கு வராது, வேறு வழி பார்க்க வேண்டியதுதான் என்று அறிவித்தார். மறுநாள் பயிற்சியாளரே வீட்டு வாசலுக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, வாங்கக்கா, ஒரே ஒருமுறை என்று கெஞ்சினார். முகத்தை முறிக்க முடியாமல் கண்ணாடியக்கா போய் ஏறினார்.

அந்த ஒருமுறையில் வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் நகர்ந்தது. கண்ணாடியக்காவுக்கே நம்ப முடியவில்லை. காலடியில் கிளட்ச் பூப்போல இறங்கியது, பூப்போல எழுந்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போனபோது மாறியதே தெரியவில்லை. ‘நேற்று என் கால் பதறியிருக்கிறது, இன்று பதறவில்லை. அவ்வளவுதான்’ என்று எண்ணிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு வகுப்பும் தவறவில்லை. உரிமத் தேர்வும் பள்ளியின் காரிலேயே நடந்தது. தேர்வு அதிகாரி பின்னிருக்கையில் அமர்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வந்தார். வழக்கம்போலப் பயிற்சியாளர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். வண்டி ஒருமுறைகூடக் குலுங்கவில்லை. உரிமம் கைக்கு வந்த அன்று கண்ணாடியக்கா அதைக் கடையில் எல்லாரிடமும் காட்டினார். முதலாளி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, படத்தில் உள்ளவர் கொஞ்சம் சிரித்திருக்கலாம் என்றார்.

அடுத்த சிகிச்சை நாளன்று கண்ணாடியக்கா தம் பழைய காரின் முன்னிருக்கையைச் சாய்த்து, இடுப்புக்குத் தலையணை வைத்து, கணவரை அமர வைத்தார். சாவியைத் திருப்பினார். கிளட்ச்சை விட்டார். கார் ஒரு துள்ளல் துள்ளி நின்றது. கணவர் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக்கொண்டார். பழைய வண்டி, நாள்பட நின்றது, அதனால்தான் என்று கண்ணாடியக்கா வாய்விட்டே சொன்னார். இரண்டாம் முறையும் துள்ளியது. இந்தக் காரின் கிளட்ச் பூப்போல இறங்கவில்லை. காலை எதிர்த்து மல்லுக்கு நின்றது. ஒருவாறு தெருவைக் கடந்தார்கள். மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. மீண்டும் கிளம்பும்போது கார் பின்னால் உருண்டது, பதறிப்போய்க் கிளட்ச்சை விட்டுவிட்டார், வண்டி முன்னால் பாய்ந்து நின்றது, மறுபடி உருண்டது, மறுபடி பாய்ந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரனில் திட்டினார்கள். கணவர் கத்தவில்லை. பற்களுக்கு நடுவே காற்று உள்ளே போகும் ஓசை மட்டும் கேட்டது. கூடத்தில் கால் இடறும்போது அவர் எழுப்பும் ஓசை அது. இந்த முறை அது ஓயாமல் வந்தது.

சிகிச்சை நிலையத்தில் அன்று பயிற்சி எதுவும் நடக்கவில்லை. வலிக்கு ஊசி போட்டு, படுக்க வைத்து, அனுப்பிவிட்டார்கள்.

திட்டியிருந்தால்கூடக் கண்ணாடியக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கணவர் ஒன்றுமே சொல்லவில்லை. அடுத்த சிகிச்சை நாள் வந்தபோது, கால் இப்போது தேவலாம், போக வேண்டாம் என்றார். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னார். கால் தேவலாம் என்பதற்கு எதிராக வீட்டில் ஒரு சாட்சி இருந்தது. இடது காலின் செருப்பு நடுக்கூடத்தில் தனியே கிடக்கும். அது கழன்றதுகூடத் தெரியாமல் கணவர் அறைக்குள் போயிருப்பார். கண்ணாடியக்கா அதை எடுத்துக் கட்டிலருகே வைப்பார். இருவரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். ‘பேருந்தையே மெத்தைபோல ஓட்டியவருக்கு என் லட்சணம் தெரிந்துவிட்டது, சொல்லிக் காட்ட வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்’ என்று அந்த மௌனத்துக்குப் பொருள் எழுதிக்கொண்டார். சாணைச் சக்கரத்தின் முன்னால் அமர்ந்திருக்கும்போதும் பாலத்து ஏற்றமே கண்முன் நின்றது. அந்த வாரம் ஒரு வில்லை விளிம்பில் விரிசல் விட்டது.

சைக்கிளை விட்டதுபோல இதை விட்டுவிட அவரால் முடியவில்லை. சைக்கிளை விட்டபோது யாருடைய காலும் மெலியவில்லை. எனவே ஒருநாள் கடைக்குப் போகும் வழியில் பயிற்சிப் பள்ளிக்குள் நுழைந்தார். பழைய காரில் ஏதோ கோளாறு, தன் கால் சரியாகத்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார். பயிற்சியாளர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, அதற்கென்னக்கா, வாங்க என்றார்.

பள்ளியின் கார் அதே வெண்ணெயாகக் கிளம்பியது. கண்ணாடியக்காவுக்கு உயிர் வந்தது. தெருவின் கடைசியில் நிறுத்தி, மறுபடி கிளப்பினார். மறுபடியும் வெண்ணெய்தான். காலடியில் பெடல் தானே எழுவதுபோல் எழுந்தது. தானே எழுவதுபோல் என்று நினைத்த அந்த நொடியில் அவருக்குள் என்னவோ தைத்தது. மறுபடி நிறுத்தினார். முதல் கியர் போட்டார். பிறகு, ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது, இடது காலைப் பெடலிலிருந்து முழுதாக எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மேலே குதித்திருக்க வேண்டிய பெடல் கீழேயே நின்றது. பிறகு யாருமில்லாமல், மெல்ல மெல்ல, அழகாக மேலே வந்தது. கார் நகர்ந்தது.

கண்ணாடியக்கா பிரேக்கை மிதித்தார். பயிற்சியாளரின் காலணியைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். கன்னத்து மிட்டாய் அசையாமல் நின்றது.

“முதல் நாளைக்கு அப்புறம் எல்லா நாளும் இப்படித்தானா?”

“பெரும்பாலும்கா.”

“டெஸ்ட்லயும்?”

பயிற்சியாளர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

“அப்ப லைசென்ஸ்ல இருக்கறது என் மூஞ்சி, ஓட்டினது உன் காலு. அப்படித்தானே தம்பி?”

எல்லாப் பள்ளியிலும் கொஞ்சம் இப்படி உண்டு என்று அவர் இழுத்தார். புதிதாக வருபவர்கள் நடுவீதியில் நின்றுபோனால் பயந்து ஓடிவிடுவார்கள். அதனால் ஓரிரு நாள் காலால் தாங்கிவிட்டு, பிறகு சிறிது சிறிதாக விட்டுவிடுவதுதான் வழக்கம் என்றார். அப்படியானால் தன்னை ஏன் விடவில்லை என்று கண்ணாடியக்கா கேட்டார். அவர் கேட்டதில் கோபம் இல்லை. அதுதான் பயிற்சியாளரை அதிகமாகக் கலக்கியது.

“அண்ணன்தான்கா போன் பண்ணாரு. முதல் நாள் நீங்க வீட்டுக்குப் போனீங்கல்ல, அன்னிக்குச் சாயந்தரம். ‘அவ மனசு விட்டுப்போச்சுன்னா அப்புறம் தொடமாட்டா, உன் காலால கொஞ்சம் சமாளிச்சுக்கோ’ன்னாரு. எப்ப நிறுத்தணும்னு அவர் சொல்லல. எனக்கும் மனசு வரல. நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க.”

கண்ணாடியக்கா வண்டியை விட்டு இறங்கி நடந்தார். அன்று அவர் கடைக்குப் போகவில்லை.

கணவர் கட்டிலில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நேரத்தில் மனைவி வீட்டுக்கு வந்து நிற்பதைப் பார்த்ததும், கேட்காமலே விஷயம் புரிந்துவிட்டது. பொய் சொல்லத் தெரிந்த மனிதர் அல்லர். சொல்லாமலிருக்க மட்டும் தெரிந்தவர்.

“நீங்கதான் சொன்னீங்களா?”

“சொன்னேன். செருப்பை உதறிட்டு வராதுன்னு சொன்னியே, அன்னிக்கு. உன்னை எனக்குத் தெரியாதா? ரெண்டு நாள் அவன் கால் இருந்தா உனக்குத் தெம்பு வரும்னு நினைச்சேன். டெஸ்ட் வரைக்கும் வெச்சிருப்பான்னு நான் கண்டேனா?”

“பாலத்துல தெரிஞ்சுபோச்சுல்ல. அப்பவாவது சொல்லியிருக்கலாமே.”

“என்னத்தைச் சொல்றது? நானே குழி வெட்டி நானே விழுந்தேன். அதை உன்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது?”

இத்தனை நாளும் தன்னைக் குத்திக்கொண்டிருந்த மௌனம் ஏளனமல்ல, வெட்கம் என்பது கண்ணாடியக்காவுக்கு விளங்கியது. விளங்கியதால் மனம் லேசாகவில்லை, இன்னும் கனத்தது. தன்னால் விழுந்து எழ முடியாது என்று, தன்னோடு இத்தனை காலம் வாழ்ந்தவர் முடிவு செய்துவிட்டார். அந்த முடிவில் தவறு இருந்தது என்று வாதாட, கையில் சைக்கிளும் இல்லை, பாட்டும் இல்லை.

“நான் பாதியில விட்டிருந்தா அது என் தப்பா இருந்திருக்கும். அதையாவது எனக்கு விட்டு வெச்சிருக்கலாம்” என்றார். பிறகு, “இப்ப உங்க கால் போயிட்டு இருக்கு. அது யார் தப்புன்னு நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசிட்டே இருக்கலாம். கால் நிக்குமா?” என்று கேட்டார். கணவர் போர்வையை இழுத்து அந்தக் காலை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் தெரு ஒரு காட்சியைக் கண்டது. கண்ணாடியக்கா தம் பழைய காரை விட்டுவிட்டுப் பள்ளியின் காரையே மீண்டும் கேட்டு வாங்கினார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். பயிற்சியாளர் காலணியைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் இருக்கையின் மேல் தூக்கிச் சம்மணமிட்டு உட்கார வேண்டும். கால் தரையில் பட்டால் வண்டி அங்கேயே நிற்கும். மாப்பிள்ளை ஊர்வலம் எப்போது என்று தெருவோரத் தையற்காரர் ஒருவர் கேட்டார். பயிற்சியாளர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். ஆபத்தென்றால் என்ன செய்வதென்று கேட்டதற்கு, ஆபத்து வராத வேகத்தில் ஓட்டுவதாகக் கண்ணாடியக்கா பதில் சொன்னார்.

கார் உதறியது, நின்றது. மறுபடி உதறியது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருடைய காதுமடல் சூடேறியது. கண்ணாடி வியர்வையில் நழுவியது. முந்தைய வாழ்க்கையில் இந்த இடத்தில்தான் அவருக்குத் தலைவலி வந்திருக்கும். சாவியைத் திருப்பினார்.

“குதிகாலைத் தரையில ஊனிக்கோங்கக்கா. பாதத்தை மட்டும் எடுங்க. மெதுவா. இன்ஜின் குரல் இறங்குதா? அங்கதான் பிடிக்குது. அங்கயே நில்லுங்க, முழுசா விடாதீங்க. இப்ப ஆக்சிலரேட்டரைத் தொடுங்க” என்று சம்மணத்திலிருந்து பயிற்சியாளர் சொன்னார். முதன்முறையாக அவர் காலால் ஓட்டாமல் வாயால் சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் குரல் இறங்கும் இடத்தைப் பிடிக்கக் கண்ணாடியக்காவுக்கு நெடுநேரம் ஆயிற்று. பிடித்த பிறகும் அது நழுவி நழுவிப் போயிற்று. பள்ளியின் காரில் பழகியதும் தம் காருக்கு வந்தார். அதில் அந்த இடம் இன்னும் மேலே இருந்தது. முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஏற்றத்துக்குக் கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளம்பப் பழகினார். வெண்ணெய் வரவில்லை. உதறல் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் குறைந்தது தன் காலால் குறைந்தது என்பது தெரிந்தது.

வெண்ணெய் வரும்வரை கணவரின் கால் காத்திருக்காது. ஒருநாள் மாலை கண்ணாடியக்கா கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

“நாளைக்குப் போறோம். வலிக்கும். வலிக்காம கூட்டிட்டுப் போக எனக்கு இன்னும் தெரியல. எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சாத்தான் அதை என் கால் மாத்திக்கும். அதனால வலிக்கிற நொடியில வாயைத் திறந்து சொல்லணும்.”

“என்னன்னு சொல்றது?”

“‘இப்ப’ன்னு சொன்னாப் போதும்.”

கணவர் ஊன்றுகோலைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொன்னார்.

காலையில் கிளம்பினார்கள். வாசலைத் தாண்டும்போதே, “இப்ப” என்றார் கணவர். தெருமுனையில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றியபோது, “இப்ப.” கண்ணாடியக்கா அடுத்த முறை கிளட்ச்சை விடும்போது பாதத்தை இன்னும் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தார். “இப்ப” என்ற அந்தச் சொல் சில இடங்களில் சத்தமாகவும் சில இடங்களில் முணுமுணுப்பாகவும் வந்தது. பிரேக்கை இறுதியில் இறுக்கி மிதிக்கும்போதுதான் அது மிகவும் உரக்க வந்தது. வண்டி நிற்கும் கடைசி நொடியில் பிரேக்கைச் சற்றுத் தளர்த்த வேண்டும் என்று எந்த வகுப்பிலும் அவருக்கு யாரும் சொல்லவில்லை; அந்தச் சொல்தான் சொன்னது. பாலத்தில் நான்கைந்து முறை கேட்டது. ஹாரன்களும் கேட்டன. கண்ணாடியக்கா அந்தச் சொல்லை மட்டும் கேட்டார்.

சிகிச்சையாளர் கணவரின் காலை இரு கைகளாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்; தம் உள்ளங்கைக்கு எதிராக அழுத்தச் சொன்னார். கணவர் முகம் சிவக்க அழுத்தினார். உள்ளங்கை நகரவில்லை. இடையில் விட்டதில் நிறையப் போய்விட்டது, எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, இனி ஒருநாளும் விடக்கூடாது என்று அவர் சொன்னார். சொல்லும்போது கண்ணாடியக்காவைத்தான் பார்த்தார். ஏன் விட்டோம் என்று இருவரும் அவரிடம் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் கணவர் களைத்துப் போயிருந்தார். பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. முன்னால் வழி கிடைத்ததும் கண்ணாடியக்கா கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, இன்ஜினின் குரல் இறங்கும்வரை பாதத்தை உயர்த்தி, விடுவித்தார். கார் ஒரு சிறு உதறலுடன் ஏறியது. பக்கத்திலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி வண்டிகள் தேங்க, மறுபடி நின்று, மறுபடி கிளம்பினார். இந்த முறை உதறல் அவருக்கே தெரிந்தது. அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. சற்று மேலே போனதும் வண்டிகள் மீண்டும் நின்றன, கைப்பிரேக்கை இழுத்தார்.

“வலிக்கலையா?”

“இல்ல. நல்லாத்தான் வருது.”

கண்ணாடியக்கா பக்கவாட்டில் பார்த்தார். கதவுக்கு மேலிருந்த பிடியில் கணவரின் விரல்கள் வெளுத்திருந்தன. முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது, கண்ணாடியக்கா காரை நகர்த்தவில்லை. பின்னாலிருந்து ஒரு ஹாரன் எழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கைப்பிரேக் மேலேயே இருந்தது. அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி, கைகளை ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ரெண்டு தடவையும் வலிச்சுது. ரெண்டாவது தடவை ரொம்ப” என்றார் கணவர், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கண்ணாடியக்கா தலையை ஆட்டிக்கொண்டார். குதிகாலை ஊன்றி, பாதத்தை மட்டும் உயர்த்தத் தொடங்கினார். இன்ஜினின் குரல் இறங்கியது, கைப்பிரேக்கை விடுவித்தார். கார் பாலத்தின் உச்சியை நோக்கி நகர்ந்தது.

“இப்ப” என்றார் கணவர்.